1,400-க்கும் பூஜ்யத்துக்கும் நடுவே

ஒரே கிணற்றை இரண்டு மானிகள் பார்த்துக்கொண்டிருந்தன. ஒன்று 1,400 பிஎஸ்ஐ என்றது. மற்றது பூஜ்யம் என்றது. கார் டயருக்கு நாம் அடிக்கும் காற்று முப்பது சொச்சம் பிஎஸ்ஐ. 1,400 என்றால் எவ்வளவு என்று அதை வைத்துக் கணக்குப் போட்டுக்கொள்ளலாம். இரண்டு மானிகளும் ஒரே இடத்தின் அழுத்தத்தைத்தான் காட்டியிருக்க வேண்டும். ரிக்கில் இருந்தவர்கள் வெகுநேரம் பேசிப் பார்த்துவிட்டு, பூஜ்யத்தை நம்புவது என்று முடிவெடுத்தார்கள். இரவு எட்டு மணிவாக்கில் சோதனை வெற்றி என்று அறிவித்தார்கள். ஒன்பதே முக்காலைத் தாண்டியதும் ரிக் வெடித்தது. பதினொரு பேர் இறந்தார்கள்.

2010 ஏப்ரல் 20 அன்று மெக்சிகோ வளைகுடாவில் நடந்தது இது. ரிக்கின் பெயர் டீப்வாட்டர் ஹொரைசன். உரிமையாளர் டிரான்ஸ்ஓஷன் நிறுவனம். கிணற்றின் பெயர் மக்கோண்டோ. அதைத் தோண்டவைத்தது பிபி என்ற எண்ணெய் நிறுவனம். லூசியானா கரையிலிருந்து ஏறக்குறைய 80 கிலோமீட்டர் தள்ளி, ஒன்றரை கிலோமீட்டர் ஆழத் தண்ணீருக்கு அடியில், கடல்மட்டத்திலிருந்து 18,360 அடி வரை இறங்கிய கிணறு. காப்ரியல் கார்சியா மார்க்கேஸ் கற்பனையில் கட்டி, கடைசியில் சூறைக்காற்றுக்குக் கொடுத்துவிட்ட ஊரின் பெயரை அதற்கு வைத்திருந்தார்கள்.

அந்தப் பேரிடரைப் பற்றி எழுதப்பட்டவை மலையளவு. சிமென்ட் கலவை சரியில்லை, கடலடியில் கிணற்று வாயை மூட வேண்டிய ராட்சத அடைப்பான் வேலை செய்யவில்லை, செலவைக் குறைக்கப் பார்த்தார்கள் என்று ஒவ்வொன்றும் விசாரணைகளில் வெளிவந்தது. அவற்றில் எதுவும் பொய்யில்லை. ஆனால் சிமென்ட் தோற்றிருக்கிறது என்பதை அந்தச் சாயங்காலமே கிணறு எண்களில் சொல்லியிருந்தது. சொன்னதை வேறு மாதிரி வாசித்தார்கள். அதே கிணறு 86 நாள் கழித்து இன்னொரு சோதனைக்கு உட்பட்டது. அப்போது வந்த எண் இதைவிடக் குழப்பமானது. அதைச் சரியாக வாசித்தார்கள். இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்பது எண்ணெய்த் துறைக்கு வெளியே இருப்பவர்களும் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம். ஏனென்றால் இந்தியாவிலும் ஆயிரக்கணக்கான கோடி ரூபாய் முடிவுகள் இப்படிப்பட்ட வாசிப்புகளின் மேல்தான் நிற்கின்றன.

முதலில் அந்த ஏப்ரல் சோதனை. கிணற்றைத் தோண்டும்போது உள்ளே கனமான ஒரு திரவம் நிரம்பியிருக்கும். துறைக்காரர்கள் அதை ‘மட்’ என்பார்கள். பேர்தான் சேறு, கனத்தையும் குணத்தையும் அளந்து அளந்து கலக்கும் ரசாயனக் கலவை அது. மக்கோண்டோவில் இருந்த மட் கடல்தண்ணீரைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல் கனம். அந்தக் கனம்தான் கீழே பாறையிலிருக்கும் எண்ணெயையும் வாயுவையும் மேலே வராமல் அமுக்கி வைத்திருக்கும். வேலை முடிந்து ரிக் கிளம்ப வேண்டும் என்றால் இந்த மட்டை எடுத்துவிட்டு லேசான கடல்தண்ணீரை விட வேண்டும். அப்படி எடுத்த பிறகு எண்ணெயைத் தடுத்து நிறுத்துவது கிணற்றின் அடியில் இறக்கிய சிமென்ட் ஒன்றுதான். அந்த சிமென்ட் தாங்குமா என்று முன்கூட்டியே பார்ப்பதுதான் எதிர்மறை அழுத்தச் சோதனை. வேண்டுமென்றே உள்ளழுத்தத்தைக் குறைத்துவிட்டு, மேலே குழாயைத் திறந்து, ஏதாவது வருகிறதா என்று காத்திருப்பார்கள். ஒன்றும் வராவிட்டால், மூடியபின் அழுத்தமும் ஏறாவிட்டால், சிமென்ட் பிடித்திருக்கிறது. ஏறினால் கீழே எங்கோ ஒழுகுகிறது.

ஐந்து மணிக்குத் தொடங்கினார்கள். கிணற்றுக்குள் இறங்கியிருக்கும் குழாயை, அதாவது டிரில் பைப்பைத் திறந்து அழுத்தத்தைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவரப் பார்த்தார்கள். 266-க்குக் கீழே இறங்கவில்லை. மூடினார்கள், 1,262-க்குத் தாவியது. அதற்குள் ரிக்கிலிருந்து கடலடிக்குப் போகும் பெரிய குழாயில், அதாவது ரைசரில், மட்டின் மட்டம் இறங்கியிருப்பதைக் கவனித்தார்கள். அடைப்பானின் ரப்பர் வளையம் சரியாக இறுகவில்லை, அதன் வழியே மட் கசிகிறது என்று புரிந்தது. வளையத்தை இறுக்கினார்கள். இது வரைக்கும் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஒரு சோதனை கோணலாக வந்தால் சாதனத்தைச் சரிபார்ப்பதுதான் முறை. மறுபடி திறந்தார்கள். இந்த முறை பூஜ்யத்துக்கு இறங்கியது. மூடியதும் 773-க்கு ஏறியது. மூன்றாவது முறையும் பூஜ்யம் வரை இறக்கினார்கள். மூடியதும் 1,400.

மூன்று முறை இறக்கி மூன்று முறையும் ஏறியிருக்கிறது. மூடிய பாத்திரத்துக்குள் அழுத்தம் தானாகப் பிறக்காது. எங்கிருந்தோ ஏதோ உள்ளே வர வேண்டும்.

அப்போதுதான் ஒரு விளக்கம் பிறந்தது. ‘பிளாடர் எஃபெக்ட்’. ரப்பர் வளையத்துக்கு மேலே ரைசரில் நிற்கும் கனமான மட் வளையத்தை அமுக்குகிறது, பலூனை அமுக்கினால் உள்ளே அழுத்தம் கூடுவது மாதிரி அது டிரில் பைப்பில் தெரிகிறது, இதில் பயப்பட ஒன்றுமில்லை, முன்பும் பார்த்திருக்கிறோம் என்பதே அதன் சாரம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. பின்னர் அமெரிக்க அதிபர் அமைத்த தேசிய ஆணையம் விசாரித்தபோது, ஆணையம் சந்தித்த துறை நிபுணர்களில் ஒருவர்கூட இதை ஏற்கவில்லை. ஏற்காததற்குப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. வளையத்தை மேலிருந்து அமுக்கியதால் வந்த அழுத்தம் என்றால், ஒருமுறை திறந்து வடித்துவிட்டால் போய்விட வேண்டும். திரும்பத் திரும்ப ஏறக் கூடாது. அதோடு, அது டிரில் பைப்பில் மட்டும் தெரிந்துவிட்டு மற்ற குழாயில் தெரியாமல் இருக்க வழியே இல்லை.

மற்ற குழாய் என்றது கில் லைனை. அடைப்பானிலிருந்து ரிக் வரைக்கும் ரைசரை ஒட்டியே ஏறும் மெல்லிய குழாய் அது. சோதனையை அதன் வழியாகச் செய்து பார்க்கலாம் என்று பிபி-யின் தள அதிகாரிகள் சொன்னார்கள். திறந்தார்கள். கொஞ்சம் தண்ணீர் வந்து நின்றது. அரை மணி நேரம் பார்த்தார்கள். வேறு எதுவும் வரவில்லை. மானி பூஜ்யம். பக்கத்திலேயே டிரில் பைப் மானி 1,400-இல் அப்படியே நின்றது. இரண்டு குழாய்களும் கீழே ஒரே வெளியில் போய் முடிகின்றன; இரண்டிலும் தண்ணீர்தான் என்று அவர்கள் நினைத்திருந்தார்கள். அப்படியானால் இரண்டு மானிகளும் ஒரே எண்ணைக் காட்ட வேண்டும். காட்டவில்லை என்றால் ஒரு குழாய் அடைத்திருக்கிறது, அல்லது ஏதோ ஒரு வால்வு மூடியிருக்கிறது.

அடைத்திருக்க நல்ல காரணமும் இருந்தது. மட்டையும் தண்ணீரையும் பிரிக்க நடுவே ஒரு திரவம் விடுவார்கள். அன்றைக்கு அந்த இடத்தில் விட்டது, வேறொரு வேலைக்காகக் கலந்து மீந்துபோயிருந்த கெட்டியான ரசாயனக் குழம்பு. நானூறு பேரலுக்கும் மேல். கிணற்றுக்குள் ஒருமுறை போய்வந்துவிட்டால் அதைக் கடலிலேயே கொட்டிவிட விதி இடம் கொடுத்தது. இல்லாவிட்டால் அபாயக் கழிவாகக் கரைக்குக் கொண்டுபோக வேண்டும். கழிவைத் தள்ளிவிடச் செய்த சாமர்த்தியம் அது. ரைசரில் இருந்து கசிந்து இறங்கிய அந்தக் குழம்பு கில் லைனின் வாயை அடைத்திருக்கலாம் என்பது விசாரணைகள் முன்வைத்த காரணங்களில் ஒன்று.

ஆக, ஒரு மானி அபாயம் என்கிறது. ஒரு மானி அமைதி என்கிறது. அமைதி என்று சொன்ன மானியை நம்புவதில் அங்கிருந்த எல்லோருக்கும் ஏதோ ஒரு லாபம் இருந்தது. கிணறு திட்டத்தைவிட ஆறு வாரம் பின்தங்கியிருந்தது. அந்த ரிக்கை வைத்து வேலை செய்ய ஒரு நாளைக்கு ஆகும் மொத்தச் செலவு பத்து லட்சம் டாலர் அளவில். அடுத்த கிணறு காத்துக்கொண்டிருந்தது. அன்று காலையில்தான், சிமென்ட் எப்படிப் பிடித்திருக்கிறது என்று ஒலி அலைகளை வைத்துப் பார்க்க வந்திருந்த ஷ்லம்பெர்ஷே நிறுவனக் குழுவை, தேவையில்லை என்று ஹெலிகாப்டரில் ஏற்றி அனுப்பியிருந்தார்கள். அதில் மிச்சமானது ஏறத்தாழ 1,28,000 டாலர். ஏழு வருடமாக வேலைநாள் இழப்பு விபத்து ஒன்றுகூட இல்லை என்று பாராட்ட இரு நிறுவனங்களின் மேலதிகாரிகள் அன்றைக்கு ரிக்கிலேயே வந்திருந்தார்கள். இத்தனைக்கும் நடுவில் நின்றுகொண்டு, ‘சிமென்ட் தோற்றுவிட்டது, எல்லாவற்றையும் நிறுத்துங்கள்’ என்று சொல்ல வேண்டும்.

சொல்ல ஒருவருக்கு எழுத்தில் ஏதாவது பிடிமானம் இருந்திருந்தால் சொல்லியிருக்கலாம். இருக்கவில்லை. எதிர்மறை அழுத்தச் சோதனையை எப்படிச் செய்வது, எந்த எண் வந்தால் தேர்வு, எந்த எண் வந்தால் தோல்வி என்று பிபி-யிடமும் எழுதப்பட்ட நடைமுறை இல்லை, டிரான்ஸ்ஓஷனிடமும் இல்லை. அரசு விதிகள் அப்போது இந்தச் சோதனையைக் கட்டாயமாக்கக்கூட இல்லை. சோதனை நடந்தது, ஆனால் தேர்ச்சி மதிப்பெண் என்ன என்பது தேர்வு முடிந்த பிறகு தேர்வு எழுதியவர்களே பேசி முடிவு செய்துகொள்ளும்படி இருந்தது.

அன்றிரவு 8.52-க்கு ஹூஸ்டன் அலுவலகத்தில் இருந்த பொறியாளர் ஒருவருடன் ரிக்கின் தள அதிகாரி தொலைபேசியில் பேசினார். டிரில் பைப்பில் அழுத்தமும் கில் லைனில் பூஜ்யமும் ஒருசேர இருக்க முடியாதே என்று அந்தப் பொறியாளர் சொன்னதாக விசாரணைக் குறிப்பு இருக்கிறது. சொன்னார், அதோடு விட்டுவிட்டார். ரிக்கில் இருந்தவர்கள் திருப்தியாக இருக்கிறார்கள், சோதனை முடிந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டார். கேள்வி சரியான இடத்தில், சரியான ஆளிடமிருந்து, வெடிப்புக்கு ஒரு மணி நேரம் முன்னால் வந்திருக்கிறது. அதற்குப் பதில் கேட்டு நிற்கும் கடமை யாருக்கும் இல்லாமல் போனதுதான் விபரீதம்.

அதன் பிறகும் கிணறு சும்மா இருக்கவில்லை. ஒன்பது மணிக்கு மேல் பம்ப் வேகம் மாறாமலேயே டிரில் பைப் அழுத்தம் மெல்ல ஏறியது, 9.08-க்கு பம்பை நிறுத்தியபோது இறங்கவேண்டிய அழுத்தம் ஏறிக்கொண்டே போனது. சோதனை தேறிவிட்டது என்று நினைத்தவர்கள் திரையை அந்தக் கண்ணோடு பார்க்கவில்லை. 9.40 வாக்கில் மட் ரிக்கின் தளத்தில் கொட்டியபோது எல்லாம் கைமீறிவிட்டது.

பிளாடர் விளக்கத்தைச் சொன்னதாகச் சாட்சியங்கள் குறிப்பிடும் ஊழியர் அன்றிரவே இறந்துபோனார். அவரால் தன் பக்கத்தைச் சொல்லவே முடியவில்லை. பிபி-யின் தள அதிகாரிகள் இருவர் மேல் போட்ட, கவனக்குறைவால் மரணம் விளைவித்த குற்ற வழக்கைப் பிற்பாடு அரசே கைவிட்டது. ரிக்கில் நின்ற இரண்டு மூன்று பேரின் தலையில் இதைக் கட்டுவது எப்போதுமே சுலபம். நீதிமன்றத்திலேயே அது நிற்கவில்லை. முந்தைய டிசம்பரில் வடகடலில் இதே டிரான்ஸ்ஓஷனின் இன்னொரு ரிக்கில், சோதனை தேறிய கிணறு பிறகு பொங்கிய சம்பவம் நடந்து, அதிலிருந்து கற்ற பாடத்தை நிறுவனத்தின் வடகடல் பிரிவு எழுதியும் வைத்திருந்தது. மெக்சிகோ வளைகுடாவில் இருந்தவர்களுக்கு அது போய்ச் சேரவில்லை.

இனி இரண்டாவது வாசிப்பு.

கிணறு 87 நாள் கடலில் கொட்டியது. ஜூலை 12-ஆம் தேதி அதன் வாயில் புதிய மூடி ஒன்றைப் பொருத்தினார்கள். மூட முடியும், மூடலாமா என்பதுதான் கேள்வி. மே மாதம் மட்டைத் திணித்து அடைக்கப் பார்த்துத் தோற்றபோது கிணற்றின் உறைக்குழாய் எங்காவது பிய்ந்திருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தது. பிய்ந்த குழாயோடு மேல்வாயை மூடினால் எண்ணெய் பக்கவாட்டில் பாறைக்குள் புகுந்து, கடல்தரையைப் பிளந்துகொண்டு எங்கெங்கோ வெளியே வரும். அப்புறம் மூட வாயே இருக்காது. 1969-இல் கலிஃபோர்னியாவின் சாண்டா பார்பரா கரையோரம் அப்படித்தான் நடந்தது. ஆகவே மூடுவதையே ஒரு சோதனையாக வைத்தார்கள்: மூடிவிட்டு அழுத்தம் எவ்வளவு ஏறுகிறது என்று பார்ப்பது.

கவனிக்க வேண்டிய முதல் வித்தியாசம் இங்கே இருக்கிறது. மூடுவதற்கு முன்னாலேயே எண்களை எழுதிவைத்தார்கள். 7,500 பிஎஸ்ஐ-க்கு மேல் ஏறினால் குழாய் நன்றாக இருக்கிறது, 48 மணி நேரம் மூடியே வைக்கலாம். 6,000-க்குக் கீழே நின்றால் ஒழுகுகிறது, ஆறு மணி நேரத்துக்குள் திறந்துவிட வேண்டும். நடுவில் நின்றால் 24 மணி நேரம் வரை அவகாசம். அதற்குள் முடிவு எடுக்க வேண்டும். இந்தப் பட்டியலை அமெரிக்க எரிசக்தி அமைச்சர் ஸ்டீவன் சூ தலைமையிலான அரசு விஞ்ஞானிகளும் பிபி-யும் உட்கார்ந்து பேசி ஒத்துக்கொண்ட பிறகுதான், ஒருநாள் தள்ளிப்போட்டு, ஜூலை 15 பிற்பகல் மூடினார்கள்.

வந்த எண் 6,600 சொச்சம். சரியாக நட்டநடுவே.

ஒழுகுவதால் இந்த அளவுக்குத்தான் ஏறியதா? அல்லது கிட்டத்தட்ட மூன்று மாதமாகக் கொட்டியதில் கீழே பாறையில் இருந்த அழுத்தமே குறைந்துபோய்விட்டதா? இரண்டு காரணத்துக்கும் ஒரே எண்தான் வரும். வீட்டுப் போர்வெல்லில் மோட்டாரை நிறுத்தியதும் தண்ணீர் எதிர்பார்த்த மட்டத்துக்கு ஏறாவிட்டால், ஊற்று வற்றியிருக்கிறதா, கேசிங் குழாய் ஓட்டையா என்று இரண்டு சந்தேகம் வருவது போலத்தான்.

இந்த இடத்தில் போர்வெல்லைச் சும்மா இழுக்கவில்லை. அமெரிக்கப் புவியியல் ஆய்வுத் துறையில் இருந்த சார்லஸ் தைஸ் என்பவர் 1935-இல், பம்பை நிறுத்திய பிறகு கிணற்றில் நீர்மட்டம் எந்த வேகத்தில் மீள்கிறது என்பதை வைத்து நிலத்தடிப் பாறையின் குணத்தைக் கணிக்க ஒரு வழி சொன்னார். 1951-இல் ஹார்னர் என்ற பொறியாளர் அதே வழியை எண்ணெய்க் கிணற்றுக்குக் கொண்டுவந்தார். கிணற்றை மூடிய நேரத்திலிருந்து அழுத்தம் மீளும் வேகத்தை ஒரு குறிப்பிட்ட மடக்கை அளவுகோலில் வரைந்தால் புள்ளிகள் நேர்கோட்டில் விழும். கோட்டை நீட்டினால் பாறையின் உண்மையான அழுத்தம் தெரியும். இன்றைக்கும் எண்ணெய்க் கிணற்றுச் சோதனையை வாசிக்கப் பழகும் எவரும் முதலில் போடுவது ஹார்னர் வரைபடம்தான்.

அந்த இரவு மக்கோண்டோவின் எண்களை வாசித்தவர் எண்ணெய்த் துறை ஆளே அல்ல. பால் ஷே, அதே புவியியல் ஆய்வுத் துறையின் கலிஃபோர்னியா அலுவலகத்தில் இருந்த நிலத்தடி நீர் விஞ்ஞானி. ஹூஸ்டனில் இருந்த சக விஞ்ஞானி ஒருவர் அழுத்த வரைபடத்தைச் செல்போனில் படம் எடுத்து அவருக்கு அனுப்பினார். அவர் இரவெல்லாம் உட்கார்ந்து ஹார்னர் வரைபடத்தைப் போட்டார். நிலத்தடி நீருக்காக எழுதப்பட்ட கணினி நிரல் ஒன்றிலேயே அந்த எண்ணெய்ப் பாறையை உருவாக்கி ஓட்டிப் பார்த்தார். இத்தனை நாள் இவ்வளவு எண்ணெய் வெளியேறியிருந்தால், ஒழுகாத கிணற்றில் இந்த அழுத்தம் வருமா என்பதுதான் அவர் கேட்டுக்கொண்ட கேள்வி. வரும் என்றது கணக்கு. பாறை சோர்ந்திருக்கிறது, குழாய் ஒழுகவில்லை. மறுநாள் காலை கூட்டத்தில் அதைச் சொன்னார். திறந்துவிடும் யோசனை கைவிடப்பட்டது.

அவர் சொன்னதை வேதவாக்காகவும் எடுத்துக்கொள்ளவில்லை என்பது இன்னும் முக்கியம். மூடியே வைக்கும் அனுமதியை ஒவ்வொரு நாளாகத்தான் நீட்டினார்கள். அழுத்தம் அவர் வரைந்த கோட்டின் மேலேயே ஏறுகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தார்கள். கப்பல்கள் கடல்தரையை ஒலி அலைகளால் துழாவிக்கொண்டே இருந்தன. விளக்கம் பொய்யாக இருந்தால் அது எப்படிப் பல்லிளிக்கும் என்று முன்பே தெரிந்துவைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். செப்டம்பர் 19-இல் கிணறு செத்துவிட்டது என்று அறிவிக்கும் வரை அழுத்தம் பொய்க்கவில்லை. அடுத்த வருடம் ஷேவுக்கு அமெரிக்க அரசின் சிறந்த ஊழியர் விருது கிடைத்தது.

ஏப்ரலில் வந்த 1,400-க்கு ஒரு கதை சொன்னார்கள். ஜூலையில் வந்த 6,600-க்கும் ஒரு கதைதான் சொன்னார்கள். கதை சொன்னது குற்றமில்லை. எந்த மானியும் காரணத்தைக் காட்டாது. ஏப்ரல் கதையை யாரும் சோதித்துப் பார்க்கவில்லை. ஜூலைக் கதையை மணிக்கொரு தரம் சோதித்தார்கள். கிணறு மூடியே இருக்க வேண்டும் என்பதுதான் பிபி-யின் விருப்பமும் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். லாபம் எதிர்பார்ப்பவர் விரும்பும் விடை எப்போதும் தப்பாகத்தான் இருக்கும் என்று கிடையாது. ஆனால் அந்த விடையை வெளியாள் ஒருவர் தனியாகக் கணக்குப் போட்டு அடைந்தார். அதனால்தான் அதை நம்ப முடிந்தது.

இதில் இன்னொரு முடிச்சும் இருக்கிறது. ஷேவின் கணக்குக்கு, ஏற்கெனவே எவ்வளவு எண்ணெய் வெளியேறியது என்பது தெரிய வேண்டும். தொடக்கத்தில் ஒரு நாளைக்கு 1,000 பேரல் என்றார்கள். ஏப்ரல் கடைசியில் 5,000 என்றார்கள். அந்த 5,000 வாரக்கணக்கில் எல்லாச் செய்தியிலும் ஓடியது. புவியியல் ஆய்வுத் துறைத் தலைவர் மார்சியா மக்நட் தலைமையில் தனிக்குழு போட்ட பிறகு அது படிப்படியாக ஏறி, ஆகஸ்டில் 62,000-இல் தொடங்கி 53,000-க்கு இறங்கியது என்று வந்து நின்றது. பன்னிரண்டு மடங்கு. பழைய 5,000-ஐ நம்பிக்கொண்டு ஜூலை 15 இரவு யாராவது கணக்குப் போட்டிருந்தால், இவ்வளவு குறைவாக வெளியேறியதற்குப் பாறை இத்தனை சோர்ந்திருக்காது, ஆகவே குழாய் ஒழுகுகிறது என்ற விடைதான் வந்திருக்கும். நல்ல கிணற்றைத் திறந்துவிட்டு இன்னும் பல வாரம் கடலில் கொட்டவிட்டிருப்பார்கள்.

ஓட்டத்தின் அளவைப் பற்றி உள்ளுக்குள் இருந்த பெரிய மதிப்பீடுகளை நாடாளுமன்றக் குழுவிடமிருந்து மறைத்ததையும் சேர்த்துத்தான் பிபி 2012-இல் குற்றத்தை ஒப்புக்கொண்டு 400 கோடி டாலர் கட்டச் சம்மதித்தது. பிறகு அபராத வழக்கு வந்தது. அமெரிக்கச் சட்டப்படி பெருங்கவனக்குறைவு என்றால் கடலில் கலந்த ஒவ்வொரு பேரலுக்கும் 4,300 டாலர் வரை அபராதம். ஒரு பேரல் கூடினால் 4,300 டாலர் என்றால், அந்தப் பாறை அழுத்தத்துக்கு எவ்வளவு சுருங்கும் என்ற புத்தகக் கேள்விக்கும் நூற்றுக்கணக்கான கோடி மதிப்பு வந்துவிடுகிறது. இரு பக்கமும் உலகின் முதல்தர நிபுணர்களைக் கூண்டில் ஏற்றின. ஒரே அழுத்தத் தரவு. அரசுத் தரப்பு வெளியேறியது 50 லட்சம் பேரல் என்றது, பிபி தரப்பு 32 லட்சத்துச் சொச்சம் என்றது. நீதிபதி கார்ல் பார்பியர் 2015 ஜனவரியில் 40 லட்சம் என்று தீர்த்தார். ஏறத்தாழ நடுவில். இவ்வளவு படித்தவர்கள் சம்பளம் கொடுப்பவரின் பக்கமாகவே கோட்டைச் சாய்த்து வரைகிறார்கள் என்பது யாருக்கும் வியப்பாகவே படவில்லை.

விபத்துக்குப் பிறகு அமெரிக்கா செய்த மாற்றங்களில் பேசப்படாத ஒன்று இதைத் தொட்டது. 2010 அக்டோபரில் வந்த விதி, கடலடி அடைப்பான் உள்ள கிணறுகளில் எதிர்மறை அழுத்தச் சோதனையைக் கட்டாயமாக்கியது. அதோடு, சோதனையை எப்படிச் செய்யப்போகிறோம், எது தேர்ச்சி என்பதை அனுமதி கேட்கும்போதே எழுதிக்கொடுக்க வேண்டும் என்றது. பெரிய கருவி எதுவும் இதற்குத் தேவையில்லை. ஒரு தாள் போதும்.

இந்தியாவில் இந்த விவாதம் வேறு உருவத்தில் நடந்திருக்கிறது. கிருஷ்ணா-கோதாவரிப் படுகையில் ரிலையன்ஸ் கண்டுபிடித்த டி-29, டி-30, டி-31 என்ற மூன்று வாயுக் கண்டுபிடிப்புகளை வணிகரீதியானவை என்று ஏற்க ஹைட்ரோகார்பன் தலைமை இயக்குநரகம் மறுத்தது. நிறுவனம் கம்பியில் கருவியை இறக்கி அங்கங்கே அழுத்தமும் மாதிரியும் எடுத்திருந்தது. இயக்குநரகம், கிணற்றை உண்மையிலேயே ஓடவிட்டுப் பார்க்கும் டிரில் ஸ்டெம் சோதனை வேண்டும் என்றது. ஆழ்கடலில் அந்தச் சோதனைக்குப் பல கோடி ரூபாய் ஆகும். வருடக்கணக்கில் இழுத்து, 2015 ஏப்ரலில் மத்திய அமைச்சரவைக் குழு ஒரு வழி காட்டியது: சோதனையைச் செய்யுங்கள், செலவில் ஒரு வரம்பு வரைக்கும் பாதியைத்தான் கணக்கில் எடுப்போம், அல்லது சோதனையில்லாமல் சொந்தப் பொறுப்பில் எடுங்கள், அல்லது இடத்தை விட்டுவிடுங்கள். அன்று பல செய்திகளில் இது சிவப்பு நாடாத் தொல்லையாகவே வந்தது. இயக்குநரகம் தாமதித்தது உண்மை. ஆனால் ஓடவிட்டுப் பாருங்கள் என்று அது கேட்டதில் நியாயம் இருந்தது. வாயுவை விற்கப்போகிறவரும், கண்டுபிடிப்பு வணிகரீதியானதுதான் என்று வாசித்துச் சொல்பவரும் ஒரே ஆளாக இருந்தால் வேறு என்ன கேட்பது?

கேட்காமல் விட்டதற்கும் அதே படுகையிலேயே உதாரணம் இருக்கிறது. 2005 ஜூனில் குஜராத் அரசின் பெட்ரோலிய நிறுவனம் 20 லட்சம் கோடி கனஅடி வாயு கண்டுபிடித்திருப்பதாக ஆரவாரமாக அறிவிப்பு வந்தது. நான்கு வருடம் கழித்து வயலை மேம்படுத்தும் திட்டம் ஒப்புதல் பெற்றபோது அது ஏறக்குறைய பத்தில் ஒரு பங்காகச் சுருங்கியிருந்தது. தணிக்கை அதிகாரி அறிக்கைகள் அந்தச் செலவுகளைக் குடைந்தன. 2017-இல் பொதுத்துறை ஓஎன்ஜிசி 80 விழுக்காடு பங்கை ஏறத்தாழ 120 கோடி டாலருக்கு வாங்கியது. தொடக்கக் கிணறுகளின் தரவை வைத்து 20 என்று முதலில் சொன்னவர்கள், எந்தச் சோதனையில் எந்த அழுத்தம் வந்தால் அந்த எண்ணைக் கைவிடுவோம் என்பதையும் சேர்த்துச் சொல்லியிருந்தால், ஓஎன்ஜிசி பேரம் பேசும் மேஜையில் உட்கார்ந்தபோது கையில் வேறு காகிதங்கள் இருந்திருக்கும்.

ஆய்வுத் தரவுகளைச் சேர்த்துவைக்க ஹைட்ரோகார்பன் தலைமை இயக்குநரகம் 2017-இல் தேசியத் தரவுக் களஞ்சியம் ஒன்றைத் தொடங்கியது. இடம் இருக்கிறது, ஆட்களும் இருக்கிறார்கள். ரகசியக் காலம் முடிந்த ஒவ்வொரு கிணற்றுச் சோதனைக்கும் அழுத்த-நேர வரைபடத்தை அதில் பொதுப் பார்வைக்கு வைக்கலாம். சோதனைக்கு முன் நிறுவனம் எழுதிக்கொடுத்த தேர்ச்சி, தோல்வி வரம்புகளைத் தேதியோடு பக்கத்திலேயே வைக்கலாம். ஐஐடி சென்னையிலும் தன்பாத்திலும் பெட்ரோலியப் பொறியியல் படிக்கும் மாணவர்கள் ஹார்னர் வரைபடத்தைப் போட்டுப் பார்க்க நிஜக் கிணறுகள் கிடைக்கும். அவர்களில் யாராவது ஒருவருக்கு நிறுவனம் சொன்ன எண்ணிலிருந்து வேறு எண் வந்தால், அதை எழுதி அனுப்ப இயக்குநரகத்தில் ஒரு முகவரியும், இத்தனை நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும் என்ற கட்டாயமும் வேண்டும்.